பெரிய பண்ணைக்கும் காத்தானுக்கும் ஒரே உடம்பு

திருக்கடையூர்,
ஆடிப்பெருக்கு கழிந்த வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை செல்லதுரை அவர்களுக்கு, மாமனார் ஓவியர் கோவிந்தராசு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலும் விட்டாயிற்று. அங்கே தாங்களும் மகள் அம்சமும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நலமாக இல்லாவிட்டாலும் இப்போதைக்கு எழுத வேண்டாம், எனக்கு இருக்கிற பாரமே போதும்.

தாங்கள் சென்னையில் பெரிய மனிதர்களைப் பிடித்து ஏற்பாடு செய்த என் வாழ்நாள் ஓவியக் கண்காட்சி இன்று மாயவரம் கல்யாண மண்டபத்தில் நடந்து முடிந்தது. எப்படி நடந்தது என்று உடனே எழுதச் சொல்லியிருந்தீர்கள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, பெண்ணைக் கொடுத்தவன் வாயையும் சேர்த்துத்தான் கொடுக்கிறான். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு என்று தங்கள் கட்சிக்காரர்கள் கொண்டுவந்த பிறகுதான் என் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. செத்தவர் வீட்டில் பதினாறாம் நாளுக்குள் படம் கேட்பார்கள். எண்ணெய் வண்ணம் யார் அவசரத்துக்கும் காயாது. அதனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலை இல்லாமல் குந்தியிருக்கும்போது உடம்புகளை முன்கூட்டியே வரைந்து சுவரில் சாய்த்து வைத்துவிடுவேன். முழுக்கை வெள்ளைச் சட்டை, தோளில் கரைபோட்ட துண்டு, மணிக்கட்டில் கடிகாரம், நாற்காலிப் பிடியில் ஊன்றிய விரலில் மோதிரம். ஆள் போனதும் போட்டோவைப் பார்த்துத் தலையை மட்டும் வைத்துவிட்டால் முடிந்தது. ஊருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று தொங்கியவரை இதில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. தாங்கள்தான் அத்தனையையும் இரவல் வாங்கி ஒரே சுவரில் வரிசையாக மாட்டச் சொன்னீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னதும், மாமாவுக்குத் தன்னடக்கம் அதிகம் என்று தாங்கள் சிரித்ததும் ஞாபகம் இருக்கும்.

வந்த சனம் படம் பார்க்க வந்த சனமாகவே இல்லை. பூவும் கற்பூரமுமாக வந்து, அவரவர் ஆளைத் தேடிப் பிடித்து, நின்று அழுதார்கள். யாரோ ஒரு பக்திமான் மீதிப் பூவை வீணாக்காமல் பக்கத்துப் படத்துக்கும் போட்டுவிட்டுப் போனார். அது அறுபதாம் கல்யாணத்துக்கு நம்ம ஊருக்கு வந்தபோது என்னிடம் படம் எழுதிக்கொண்ட ராமசுப்பிரமணியன் வாத்தியாரும் பாகீரதி அம்மாளும் இருக்கிற படம். ரெண்டு பேரும் அந்த நேரம் பார்த்து உள்ளே வருகிறார்கள், கெட்டி உயிரோடு. அந்த அம்மாள் தன் படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மண்டபத்துச் சமையல்காரர் வேலை ஒழிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு, இவங்கள்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிங்களா என்று கேட்டாரே பார்க்கலாம். அதுவரை எல்லாரும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மண்டபம் மொத்தமும் கழுத்துக்குக் கீழே பார்க்க ஆரம்பித்துவிட்டது. சனியன், மரச்சட்டத்தின் அளவு பார்த்து மாட்டியதில் பெரிய பண்ணையும் காத்தானும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பெரிய பண்ணை தங்களுக்குத் தெரியும், என் கடை இருக்கிற மனையே அவருடையது, வயதாகிப் படுக்கையில் போனவர். காத்தான் அவர் வயலில் அறுத்தவர். கூலி நெல் கூடக் கேட்டு நடந்த அறுவடைச் சண்டையில் அடிபட்டுச் செத்தவர், யார் அடித்தது என்று வழக்கு இன்னமும் வாய்தாவில் ஓடுகிறது. ஊர்வலத்தில் எடுத்த ஒரு படத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு இருந்த முகத்தை வைத்துத்தான் அவரை எழுதினேன். இப்போது ரெண்டு பேருக்கும் அதே சட்டை, அதே துண்டு, அதே மடிப்பு, கடிகாரத்தில் அதே மணி.

தாங்கள் அனுப்பிய புரொபசர் அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கலைத் தத்துவம் என்ன என்று கேட்கிறார். உள்ளதைச் சொன்னேன், தலைதான் ஆளுக்கு ஆள் வேறங்க, உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் சமத்துவம், இதை எந்த நாட்டு ஓவியனும் இப்படிச் சொன்னதில்லை, ஒரு கோட்டைக்கூட மாற்றக் கூடாது என்று மேடையேறி வெகுநேரம் பேசினார். அவர் ரயிலேறிப் போய்விட்டார். நான் இங்கேதானே இருக்க வேண்டும்.

பெரிய பண்ணையின் மகன் வாஞ்சிநாதன் என்னைத் தூண் ஓரம் கூப்பிட்டு, "எங்கப்பா உடம்பைத் தூக்கி அவனுக்கு வெச்சிருக்கீங்க. நாளைக்குள்ள அவன் சட்டையைக் கழட்டுங்க, இல்லன்னா கடையைக் காலி பண்ணுங்க" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினால் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் மீரா உசேன். அவருக்குச் சட்டை இருக்கலாமாம், கடிகாரமும் மோதிரமும் கூடாதாம், தோழரை மிராசுதார் ஆக்கிவிட்டேனாம். ஒருவர் சட்டையை உருவச் சொல்கிறார், இன்னொருவர் கடிகாரத்தை உருவச் சொல்கிறார். செத்தவனிடம் வழிப்பறி செய்வதற்கு நான் ஒருத்தன்.

காத்தான் பெண்சாதி காத்தாயி அங்கேதான் நின்றது. சரி, படத்துக்குச் சொந்தக்காரியைக் கேட்போம் என்று விஷயத்தைச் சொன்னேன். அது படத்தைப் பார்த்தபடியே சொன்னது:

"பண்ண வூட்டுத் தெருவுல உசிரோட சட்ட போட்டுப் போவ முடியலய்யா. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டுதான் போனாரு. படத்துலயாச்சும் போட்டிருக்காருன்னுதான் தெனம் பாக்குறேன். அதயும் கழட்டுவீங்களா?"

கடிகாரத்தையாவது எடுத்துவிடலாமா என்றேன். "இருக்கட்டும். வயல விட்டு எப்பக் கரையேறணும்னு பண்ணதான் மணி சொல்லும். இப்ப அவரே பாத்துக்கட்டும்" என்றது. மீரா உசேன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாஞ்சிநாதன் போகவில்லை, காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை, எனக்கு வயசாகிவிட்டது. இந்தக் கடையை விட்டால் வேறு இடத்தில் யார் எனக்கு இடம் தருவார்கள், உங்கள் அத்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன். நாளைக் காலையில் காத்தான் சட்டையைக் கழற்றிவிடப் போகிறேன். எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழி தெரியவில்லை. அதோடு தூரிகையைக் கழுவிப் பரணில் போட்டுவிடுவேன், இனி கண்காட்சி, பாராட்டு, பொன்னாடை என்று எதையும் என் பக்கம் அனுப்ப வேண்டாம்.

பேரனுக்குச் சளி பிடிக்காமலும் தங்களுக்கு உத்தியோகத்தில் உயர்வு தட்டாமலும் அம்சத்தின் கோபம் தங்களோடு நின்று எங்கள்வரை வராமலும் நம்ம ஊர் அமிர்தகடேசுவரர் பார்த்துக்கொள்ளட்டும். தாங்கள் சாமி கும்பிடுவதில்லை என்று அவருக்கும் தெரியும், கோவித்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமனார்,
கோவிந்தராசு

பின்குறிப்பு: தபால்தலை ஒட்ட மறந்ததால் கடிதம் ஒரு நாள் இங்கேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். மண்டபத்திலிருந்து படங்களைக் கடைக்கு ஏற்றி வந்தாயிற்று, காலையில் வண்ணம் துடைக்கிற டர்பன்டைன் துணியோடு காத்தான் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன், கை போகவே இல்லை. பக்கத்தில் பெரிய பண்ணை. யோசித்துப் பார்த்தால் அவரைச் சட்டையோடு நான் பார்த்ததே கிடையாது. களமானாலும் சரி, கோயிலானாலும் சரி, திறந்த மார்பும் திருநீறும்தான், போடச் சொல்ல யாருக்குத் தைரியம். ஒரே உடம்பு கூடாது, அவ்வளவுதானே என்று மேலே தோல் நிறம் பூசி அவர் சட்டையைக் கழற்றிவிட்டேன். தொப்பையையும் உள்ளபடி வைத்தேன். மத்தியானம் வாஞ்சிநாதன் தன் தாயார் மங்களாம்பிகை அம்மாளோடு வந்து பார்த்து வெலவெலத்துப் போனார். அந்த அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா யாரோ ஒரு ஆம்பளைக்குப் பொட்டு வெச்சுக்கிட்டிருந்தேன். இவருதான் அவரு" என்றார்கள். வாஞ்சிநாதன் கடையைப் பற்றி ஆரம்பித்தார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணை நிலத்தோடு நிலமாக என் கடை மனையையும் பெண்சாதி பேரில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மாள் மகனைக் கவனிக்காமல், படம் எப்போது காயும் என்று மட்டும் கேட்டார்கள். ஆகவே வெள்ளை வண்ணம் ரெண்டு டப்பாவும் நல்ல தூரிகையும் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பவும், இனிமேல் உடம்பையும் ஆளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. காத்தான் படத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. சாயங்காலம் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் காத்தாயியிடம் கொடுத்தேன். அது முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குய்யா" என்றது.