பிரேக் அண்ணாச்சியும் வெள்ளச்சியும்

இந்தியாவில், ஏன், உலகத்திலேயே பிரேக்கைத் தொடாமல் கார் ஓட்டுகிற ஒரே மனிதர் கோவில்பட்டியில், எங்கள் தெருவில், என் எதிர்வீட்டில் இருக்கிறார். அதனாலேயே ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரேக் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. வாங்கும்போது வெள்ளை நிறமாம். இப்போது கரிசல் புழுதி ஏறி டீ நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பெயர் வெள்ளச்சிதான். பசுவந்தனைப் பக்கம் அண்ணாச்சிக்கு நிலம். எனக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. "பஸ்ஸுக்கு எதுக்குலே காத்துக் கெடக்க? நானும் அங்கனதான போறேன், ஏறு" என்று ஒருநாள் ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக வெள்ளச்சியில்தான் போய் வருகிறேன். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்கிறவன். என்னைக் கொண்டுபோய் இவர் பக்கத்தில் உட்கார வைத்த கடவுளை என்ன சொல்ல!

சாயங்காலம் ஊர் திரும்பும்போது, தெரு முக்குத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வெள்ளச்சி தானாக உருண்டு, யோசித்து, மூச்சு வாங்கி அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சில நாள் பலசரக்குக் கடை முன்பே நின்றுவிடும்.

"அண்ணாச்சி, வீடு அங்கன இருக்கு!"

"இன்னைக்கு எதிர்க்காத்து. எறங்கி நடலே, தேஞ்சா போயிருவ?"

சில நாள் வாசலைத் தாண்டி ஓடிவிடும். அப்போதும் மனிதர் பிரேக்கைத் தொடமாட்டார். தெருவைச் சுற்றிவந்து மறுபடியும் முயற்சி செய்வார். இரண்டாவது சுற்றில் என் மனைவி வாசலில் நின்று எனக்குக் கையசைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒருத்தன் பிரேக்கை மிதிக்கான்னா என்ன அர்த்தம்? அவன் முன்னால பாக்கலன்னு அர்த்தம்" என்பார். "நம்ம ஊரு மரம் மட்டையில்லாத பொட்டக்காடு. ஆடு வாறது அங்கன வரும்போதே தெரியுதுல்ல? அப்பவே காலை எடுத்துட்டா, அது பாட்டுக்கு அது போவும், நம்ம பாட்டுக்கு நம்ம போவோம்."

"எனக்கு மொத பீரியடு இருக்கு அண்ணாச்சி!"

"அது ஆட்டுக்குத் தெரியுமாலே?"

அறுவடைக் காலத்தில் என் பாடு இன்னும் மோசம். உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரும். மற்ற வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். அண்ணாச்சி அப்படியே அதன்மேல் மெதுவாக ஏற்றி, தாண்டிப்போய், தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். "அந்த ஓரத்துல சக்கரம் படலயே" என்று ரிவர்ஸில் வருவார். உளுந்து பரப்பிய அக்கா விடுவாளா? "அண்ணாச்சி, மழை இருட்டுது, இன்னும் ஒரு நடை போயிட்டு வாங்க" என்பாள். போய்விட்டு வருவார். தலைமுடியெல்லாம் உளுந்துப் பொட்டும் தூசியுமாக நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், தலைமையாசிரியர் சிரிக்கமாட்டார்.

இத்தனைக்கும் காரணம் மதினி. அதாவது அண்ணாச்சியின் மனைவி. அவருக்கு எந்த வண்டியும் ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் கழுகுமலைக்கு பஸ்ஸில் போகும்போது, டிரைவர் பிரேக் போட்ட இடத்திலெல்லாம் மதினி வாந்தி. ஆட்டோவிலும் அதே கதை. அன்றைக்கு அண்ணாச்சி விட்டதுதான் பிரேக்கை. "இந்த மனுசன் வண்டியில மட்டுந்தான் என் கொடலு இருந்த எடத்துல இருக்கு" என்பார் மதினி. குளத்தூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவதென்றால் அவருக்கு வெள்ளச்சியை விட்டால் வேறு கதி கிடையாது.

போன வருஷம் வெள்ளச்சியைச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்தத் தடவை பாஸாகலன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவோம்ப்பா." அவனுடைய புதுக் காரில் மதினியை ஏற்றிப் பார்த்தான். ஊர் எல்லை தாண்டவில்லை, சீட்டு நாசம். மதினி இறங்கி வந்து, "இனிமே நான் எங்கயும் வரல, என் தங்கச்சிய போன்ல பாத்துக்கிடுதேன்" என்று சொன்னபோது அண்ணாச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சோதனை நாளன்று நானும் கூடப் போனேன். மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சிக்கு அந்தப் பெயரே கலக்கத்தைக் கொடுத்திருந்தது. இன்ஸ்பெக்டர் சின்ன வயதுப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். "சார், கொஞ்சம் வேகமா வாங்க. நான் கை காட்டுன ஒடனே பிரேக்கை அழுத்தி மிதிங்க."

அண்ணாச்சி வந்தார். அந்தப் பெண் கை காட்டினாள். வெள்ளச்சி அவளைத் தாண்டி உருண்டு, மைதானத்தின் கடைசி வேப்பமரம் வரை போய் நின்றது.

"பிரேக் பிடிக்கலையா சார்?"

"பிடிக்குமே."

"அப்ப ஏன் மிதிக்கல?"

"முன்னால ஒண்ணுமில்லியே தாயி. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மிதிக்கணும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவையும் வேப்பமரம்தான். "மிதிக்கணும்னுதான் நெனைக்கேன், காலு போவ மாட்டேங்குது" என்றார் என்னிடம். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவை சார். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

வெள்ளச்சி கிளம்பியது. இந்த முறையும் வேப்பமரம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மதினி இனி வீட்டுக்குள்ளேயே கிடப்பார் என்றும் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண் கை காட்டிய நொடியில் நான் போய் வண்டிக்கு நேர் எதிரே நின்றுவிட்டேன்.

கிறீச்சென்று ஒரு சத்தம். புழுதி அடங்கியபோது வெள்ளச்சியின் மூக்கு என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. 

அண்ணாச்சி கதவைத் திறந்து ஓடிவந்தார். வந்த வேகத்தில் என் கன்னத்தில் விட்டார் ஒரு அறை. ஐம்பது வயசு வாத்தியாரை, அத்தனை பேர் முன்னால்!

"ஏலே, கிறுக்குப்பயலே! கொஞ்சம் பிந்தியிருந்தா என்னலே ஆயிருக்கும்? ஒம் பொண்டாட்டிக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்?"

இன்ஸ்பெக்டரும் தன் பங்குக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கடைசியில், "வண்டி பிரேக் நல்லாத்தான் இருக்கு. இவருக்குத்தான் எங்கயோ லூசாயிருக்கு" என்று என்னைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது அண்ணாச்சியின் வலது கை ஸ்டியரிங்கில், இடது கை என் மணிக்கட்டில். அந்தக் கை கியர் மாற்ற மட்டும் என்னை விட்டது. மாற்றியதும் திரும்ப வந்து பிடித்துக்கொண்டது. ரெண்டு கையாலும் ஓட்டுங்க அண்ணாச்சி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்ல மனசு வரவில்லை.