மாமனாருக்கு ஒரு கட்டில்

பத்தாவது கோழியும் கொண்டை வெளுத்து மூலையில் ஒடுங்கியதும் தட்டச்சர் மனைவியைக் கூப்பிட்டார். இருந்ததே பத்துக் கோழிதான். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவற்றை ஒப்படைத்துவிட்டு, மாமனார் மூன்று வாரப் பயணம் போயிருந்தார். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் மாப்பிள்ளையை நம்பி விட்டுப்போன முதல் பொறுப்பு அது.

உண்ணியாக இருக்குமோ என்றாள் மனைவி. தட்டச்சர் பட்டப்பகலில் ஒவ்வொரு கோழியாக மடியில் போட்டு, இறகு இறகாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றையும் காணோம். கை முழுக்கக் கொத்து வாங்கியதுதான் மிச்சம். குளிராகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, சாயங்காலம் நாலு மணிக்கே கூட்டில் அடைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினார். ஒரு வாரத்தில் கோழிகள் நிற்க முடியாமல் தள்ளாடின.

மனைவி கால்நடை மருத்துவரைக் கையோடு அழைத்துவந்தாள்.

"உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்" என்றார் அவர், ஊசி போட்டபடியே. "பகல்ல கோழி மேல தேடினா எப்படிங்க கிடைக்கும்? அது பலகை இடுக்குல ஒளிஞ்சுக்கும். இருட்டினதும் வந்து ரத்தம் குடிக்கும். நீங்க நாலு மணிக்கே இருட்டாக்கிப் பந்தி வெச்சிருக்கீங்க. முதல்ல கூட்டைக் கொளுத்துங்க."

கோழிகள் குளியலறைக்குக் குடிபோயின. அங்கே ஒவ்வொன்றாகத் தேறவும் செய்தன. வீட்டார் குளிப்பதுதான் பாடாகிப்போனது. ஆனால் கூடு அத்தனையும் தேக்குப் பலகை, கொளுத்த யாருக்கு மனசு வரும்? தட்டச்சர் இரண்டு நாள் வெயிலில் போட்டு, சுரண்டி, வார்னிஷ் அடித்து, மாமனாருக்கே ஒரு கட்டில் செய்துவிட்டார். கூடு போன கோபத்தைக் கட்டில் ஆற்றிவிடும் என்று நினைப்பு. உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது என்று மருத்துவர் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

மாமனார் வந்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்து மெச்சினார். படுத்தார். விடிந்ததும் இரண்டு கையாலும் முதுகைச் சொறிந்துகொண்டு கூடத்துக்கு வந்தார்.

அவர் கேட்பதற்கு முன்பே தட்டச்சர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். மாமனார் கோபப்படவில்லை. மகள் சமையலறையில் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"முதல் கடியிலயே பலகையை அடையாளம் கண்டுட்டேன் மாப்பிள்ளை. இடிச்ச கோழிப்பண்ணைலேர்ந்து இதை வாங்கிட்டு வந்து, நானும் முதல்ல கட்டில்தான் செஞ்சேன். கடி தாங்காமத்தான் அதைப் பிரிச்சுக் கோழிங்களுக்குக் கூடா அடிச்சுக் குடுத்தேன்."