முழு மதிப்பெண் கிழமை

மூத்த குடிமக்களின் நினைவாற்றலை, அவரவர் வீட்டில் உட்காரவைத்தே கணினித் திரை வழியாக அளந்துவிடுவதென்று ஆராய்ச்சிக் கழகம் பெருங்கருணையோடு தீர்மானித்தது. அதில் மாட்டியவர், ஆலையில் நாற்பது வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். வெளியூர் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“மார்க் குறைஞ்சா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்பா. பேச்சே கிடையாது.”

பெரியவருக்கு அந்த வீட்டுச் சாவிதான் உயிர்.

குறித்த நேரத்துக்கு இருபது நிமிஷம் கழித்துத் திரையில் ஆய்வு அலுவலர் தோன்றினார்.

“ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“தப்புங்க. புதன்.”

“தம்பி, இன்னிக்குப் பேப்பர் கையில இருக்கு. காட்டவா?”

“வெளி உதவி விதிமீறல். எங்க கணினியில புதன்தான். தலைமை அலுவலகத்துல ஒருநாள் பின்னால வச்சுட்டாங்க. திருத்தச் சொல்லி எழுதியிருக்கோம், கமிட்டி கூடணும்.”

“அப்ப உங்களுக்கே தெரியுதே!”

“எனக்குத் தெரியும்யா. சோதனை உங்களுக்குத்தானே?”

அடுத்து, தான் சொல்லும் ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டாவது சொல்லோடு இணைப்பு அறுந்தது. அலுவலர் திறந்த வாயோடு சிலையாக நின்று, பிறகு உயிர்பெற்றார்.

“நாற்காலி, ஆறு. ரெண்டு சொல்லுதான் காதுல விழுந்துச்சு.”

“காது வேற பிரிவுங்க. இது ஞாபகம்.”

அறிக்கை வந்தது: ‘கால உணர்வு அறவே இல்லை.’ ஆயிரம் தொழிலாளிகளுக்கு நேரம் சொன்ன மனுஷனுக்கு! அவமானத்தில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் வருவதற்குள் மறுசோதனைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பூங்காவில் தன்னோடு நடைபோகும் கூட்டாளிகளை விசாரித்தார். எல்லாருக்கும் அதே ஐந்து சொற்கள்தானாம். மறுசோதனையில் அலுவலர் சொல்லி முடிக்குமுன்பே ஐந்தையும் ஒப்பித்தார். கிழமை கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாள் குறைத்துச் சொன்னார்.

முழு மதிப்பெண். ‘எமது சோதனையால் முதியோர் நினைவாற்றல் பெருகுகிறது’ என்று கழகம் கட்டுரையே வெளியிட்டது. மகள் போனில் அழுதேவிட்டாள். “நீங்க அங்கேயே இருங்கப்பா.”

ஆனால் இனி சோதனை மாதாமாதமாம், சொல்லாமல் கொள்ளாமல் அழைப்பார்களாம். நாக்கு பழக வேண்டாமா? பெரியவர் நாள்காட்டித் தாளை ஒருநாள் தள்ளியே கிழிக்கத் தொடங்கினார். பேப்பரையும் நிறுத்திவிட்டார்.

சில வாரம் கழித்து, சனிக்கிழமையென்று நூலகத்துக்குப் போனார். கதவில் பூட்டு. வாசலில் பூங்காக் கூட்டாளிகள் நாலு பேர், புத்தகமும் கையுமாக நின்றார்கள். பூட்டைப் பார்த்ததும் சுருக்கென்றது. இன்று ஞாயிறு, நூலகத்துக்கு விடுமுறை! சொல்ல வாயெடுத்தார். இவர்களில் யாராவது கழகத்துக்குப் போட்டுக்கொடுத்துவிட்டால்? சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இன்னிக்கு என்ன கிழமை சார்?” ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சனி,” என்றார் டைம்கீப்பர், மற்றவர்களை முந்திக்கொண்டு.

“சனிதான், சனிதான்,” என்றார்கள் மற்றவர்களும். பிறகு ஐந்து பேரும் கதவு திறப்பதற்காக வரிசையில் நின்றார்கள்.