பைத்தான் மீது நான் கொடுத்த புகார்

ஒரு தொழிற்சாலையில் கணினி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்றால், அவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடும். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாதம் நான்தான் அந்த ஒருவர். (பதவி: சிஸ்டம் இன்ஜினியர். இருந்த சிஸ்டம்: ஒன்று.)

சாயப் பிரிவில் இருந்த அந்த லினக்ஸ் கணினியில், எந்த டிரம்முக்கு எவ்வளவு சாயம் என்று சொல்லும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதியிருந்தேன். அதைக் காட்டித்தான் வேலையை நிரந்தரமாக்கிக்கொள்ள நினைத்திருந்தேன். ஆறாவது மாதம், நிரலை வரிவரியாகப் படித்து இயக்கும் பைத்தானே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரு நினைவகப் பிழையைச் சொல்லிவிட்டுப் பாதியிலேயே விழத் தொடங்கியது. ஒருமுறை பத்தாவது வரியில், மறுமுறை நூறாவது வரியில்.

"இன்னாப்பா, உன் மிஷின் ஒரே பேஜாரா கீது?" என்றார் மேனேஜர் இலியாஸ் பாய். "வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா பழையபடி நோட்டுலயே எழுதிக்கிறோம். நீ உன் ஊரு நெமிலிக்கே போய்டு."

"தப்பு நம்ம கிட்ட இல்ல பாய். பைத்தானை எழுதுனவங்க கிட்ட."

"அவங்க எங்க கீறாங்க?"

"உலகம் பூரா."

"அப்ப வெள்ளிக்கெழமைக்குள்ள வர மாட்டாங்க."

பைத்தானின் மூன்று பதிப்புகளை மாற்றி மாற்றி நிறுவினேன். மூன்றும் விழுந்தன. மூன்றிலும் ஒரே பிழை என்று தீர்ப்பளித்தேன். (மூன்றும் விழுந்தது ஒரே கணினியில் என்பது எனக்கு உறைக்கவில்லை.) பைத்தானின் பிழைகளைப் பதியும் இணையப் பொதுத்தளத்தில், முழுப்பெயரும் பட்டமும் போட்டு, உங்கள் மொழியின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது என்று எழுதினேன். 'கணினியின் நினைவகத்தைச் சோதித்தீர்களா?' என்று யாரோ பணிவாகக் கேட்டார். 'நான் பொறியாளர். ஆரம்பப் பாடம் வேண்டாம்' என்று பதில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆய்வக உதவியாளர் ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார்.

"பொட்டியத் தொறந்து பாத்தியா தம்பி?"

"இது சாஃப்ட்வேர்க்கா. தொறந்தா ஒண்ணும் தெரியாது."

"தோலு ஊறுற சுண்ணாம்புத் தொட்டி காத்துக்கு என் வெள்ளிக் கொலுசே ஒரு மாசத்துல கறுத்துப் போவுது. உன் மிஷின் மட்டும் இன்னா ஜாஸ்தி ஒசத்தியா?"

அவரை மடக்குவதற்காகவே திறந்தேன். நினைவகப் பட்டையை உருவினால், அதன் உலோகப் பற்கள் கரி பூசியதுபோல் இருந்தன. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி, மேசைமேல் கிடந்த ரப்பரால் தேய்த்துக் கொடுத்தார். மாட்டினேன். மாலை வரை பைத்தான் ஒருமுறைகூட விழவில்லை.

வேலை நிரந்தரமானது. (உத்தரவை யார் பெயருக்கு அடிப்பது என்று ஒரு நிமிடம் யோசித்ததாகப் பாய் பின்னர் சொன்னார்.) ஆனால் புகாரை அழிக்க முடியவில்லை. 'ரப்பரால் தேய்த்ததும் சரியாகிவிட்டது' என்று அதன் கீழே எழுதி முடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் சென்னையில் மென்பொருள்காரர். என் பெயரைத் தேடிப் பார்த்திருந்தார். கேசரி வந்த நேரத்தில் புகாரையும் பதில்களையும் தமிழில் சொல்லிக்காட்டினார். உள்ளறையிலிருந்து முதலில் சிரித்தது பெண்தான்.

இன்றும் வீட்டில் அடுப்பு பற்றவில்லை என்று நான் குரல் கொடுத்தால், அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டுட்டு வாங்க. அதுக்குள்ள நான் சிலிண்டரைத் தொறந்து வைக்கிறேன்."