அட்மிரல் தொப்பியும் கிளெமென்டின் குறிப்புகளும்

"ஜெயிச்சுட்டேனா? நிஜமாவா?" என்று பிரான்வென் கேட்டபோது, கிளெமென்ட் பிளண்டலுக்கு வாயிலிருந்த பிஸ்கட் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

கப்பலுக்கு மூக்கு எது, வால் எது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அன்று மத்தியானம்தான். பல் டாக்டரிடம் வரவேற்பாளராக இருப்பவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத வேல்ஸ்காரி. நாட்டிங்ஹாம் தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் விண்கப்பல் சண்டைக்கு வந்த முதல் நாளே, எதிராளியின் கப்பல்களை ஒன்று விடாமல் மேஜையை விட்டு இறக்கிவிட்டாள். கப்பல் என்றால் உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் கப்பல். மேஜை என்றால் நட்சத்திரம் அச்சடித்த கறுப்பு விரிப்பு. சங்கத்துக்காரர்களிடம் மட்டும் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. அப்புறம் டீ கிடைக்காது.

"எல்லாம் கிளெமென்ட் குடுத்த குறிப்புதான்!" என்று அவள் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். கிளெமென்ட் தன் சட்டையில் குத்தியிருந்த 'புதியவர் வழிகாட்டி' பேட்ஜைத் தடவிக்கொண்டே சிரித்தார். வயிறு எரிந்தது.

ஏனென்றால் அவர் கொடுத்த குறிப்பு இதுதான்: "உன் கப்பல்களை ஒண்ணா வைக்காதே. மூலைக்கு ஒண்ணாப் பரப்பி விடு. அப்பதான் எதிரி குழம்புவான்."

ஆடத் தெரிந்தவன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான். கப்பல்கள் சேர்ந்து பறக்க வேண்டும். தனியாகப் போன கப்பல் ஓநாய்க்குக் கிடைத்த ஆடு. இது கிளெமென்டுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆட்டத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்ல மட்டும் மனம் வராது. ஆண்டு இறுதியில் வெற்றியாளருக்குச் சூட்டும் அட்மிரல் தொப்பி ஒன்று சங்கத்தில் உண்டு. தங்கக் கயிறு வைத்த நீலத் தொப்பி. அது எல்லார் தலையிலும் ஏறி இறங்கிவிட்டது, அவர் தலையைத் தவிர. அதைப் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவரிடமே பாடம் கேட்டவர்கள். இத்தனை பேரைக் கெடுக்கப் பார்த்தும் ஒருவர்கூடக் கெடவில்லையே என்று படுக்கையில் புரண்டு புரண்டு ஆராய்வார். விடை கிடைக்காது.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் மனைவி மேவிஸிடம் பொருமினார். சங்கத்தில் டீ போடுவதும் மேவிஸ்தான்.

"அவ நான் சொன்னதையே கேக்கலை. பரப்பி விடுன்னேன், கோழிக்குஞ்சு மாதிரி ஒண்ணா ஓட்டிட்டுப் போறா."

"புதுசு இல்லையா, மறந்திருப்பா."

"மறந்தா ஜெயிக்கலாமா?"

"உனக்கு ஏன் கிளெம் இந்த வயித்தெரிச்சல்? அந்தப் பொண்ணு உன்னை எப்படிப் புகழ்ந்தா!"

"வயித்தெரிச்சலா? எனக்கா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேவிஸ் பிரான்வென் தனக்குக் கொடுத்தனுப்பிய எலுமிச்சை கேக்கைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் பிழையைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தார். சொன்னதை அவள் மறந்துவிடுகிறாள் என்றால், மறக்க முடியாதபடி சொல்ல வேண்டும். அவளை ஓரமாக அழைத்துப்போனார்.

"நல்லாக் கேட்டுக்கோ பிரான்வென். எதிரிக்கு நாலு கப்பல் இருந்தா நாலையும் சுடணும். ஒருத்தனையே போட்டு அடிக்கக் கூடாது. பந்தியில எல்லாருக்கும் பரிமாறுற மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம்."

"ஆளுக்குக் கொஞ்சம்!" அவள் பயபக்தியோடு தலையாட்டினாள். "உங்களை மாதிரி ஒரு வாத்தியார் எனக்குப் பள்ளிக்கூடத்துல கிடைச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

போயிருப்பாய், தெருவுக்குத்தான் என்று கிளெமென்ட் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பிரான்வென் தன் துப்பாக்கிகளையெல்லாம் ஒரே கப்பலின் மேல் திருப்பினாள். அது போனதும் அடுத்தது. அது போனதும் அதற்கடுத்தது. எதிரே இருந்தது சங்கத் தலைவர் ரோலண்ட். சென்ற ஆண்டின் தொப்பிக்காரர். முக்கால் மணி நேரத்தில் அவர் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். பிறகு நேராக வந்து கிளெமென்டுக்கும் கை கொடுத்தார்.

"பிரமாதம் கிளெமென்ட்! உங்க கைராசியே ராசி!"

"நான் ஒண்ணும் பண்ணலை" என்றார் கிளெமென்ட். அவர் வாழ்நாளில் அந்தக் கூடத்தில் சொன்ன முதல் உண்மை அதுதான். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வாரம் ஒரு குறிப்பாக அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு திருகுவட்டு உண்டு. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ரகசியமாகத் திருகிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். எதிரி எங்கே வந்து நிற்பான் என்று முன்கூட்டியே ஊகிப்பதில்தான் வித்தை. "ஊகமெல்லாம் உடம்புக்கு ஆகாது. அவன் இப்ப எங்க நிக்கிறானோ அங்க பாத்து வட்டைத் திருகு" என்றார் கிளெமென்ட். பிரான்வென் ஊகித்தாள். "விண்பாறைக்கு நடுவுல புகுந்து போ, சுருக்கு வழி" என்றார். அவள் பாறைகளை ஒரு முழம் தள்ளிச் சுற்றினாள். அவர் சொல்லச் சொல்ல அவள் வென்றாள். வெல்ல வெல்ல அவரைப் புகழ்ந்தாள். போதாக்குறைக்கு எலுமிச்சை கேக்கில் 'என் குருவுக்கு' என்று சர்க்கரையால் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். அதை நாலு பேர் பார்க்க வெட்டித் தின்ன வேண்டியிருந்தது. கேக் நன்றாக வேறு இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டார்.

இப்படி இருக்கையில் டெர்பி ஊர்ச் சங்கத்தோடு போட்டி வந்தது. ரோலண்ட் பெயர்களைப் படித்தார். கடைசி ஆட்டத்துக்கு பிரான்வென். "அவளுக்குப் பயிற்சி, நம்ம கிளெமென்ட்."

கிளெமென்டின் பெயர் ஆடுபவர்களில் இல்லை. அவர் பேட்ஜைக் கழற்றி மேஜை மேல் வீசிவிட்டுப் போயிருப்பார். கழற்ற மனம் வரவில்லை.

டெர்பிக்காரர்கள் வந்தார்கள். கடைசி ஆட்டம் வரும்போது இரண்டு பக்கமும் சமம். அவள் ஜெயித்தால் சங்கம் ஜெயிக்கும். பிரான்வென் முகம் வெளுத்து அவரிடம் வந்தாள்.

"கிளெமென்ட், எனக்குப் பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?"

கிளெமென்டின் மனம் ஒரு நிமிடம் இளகிவிட்டது. சொந்த ஊர் தோற்று டெர்பிக்காரன் சிரிப்பதைப் பார்ப்பதற்கு இவள் ஜெயித்துத் தொலைக்கட்டும் என்று பட்டது. முதல் முறையாக, மனதறிந்து, அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொன்னார்.

"அவசரப்படாதே. முதல் சுத்துல மெதுவாப் போ. அவன் உன்கிட்ட வரட்டும். கப்பலெல்லாம் ஒண்ணா இருக்கட்டும். முன்னால வர்ற ஒருத்தனை எல்லாருமாச் சேர்ந்து அடிங்க."

பிரான்வென் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நிச்சயமாவா?"

"என் மேல சத்தியமா."

அவள் போய் உட்கார்ந்து, முழு வேகத்தில் பாய்ந்தாள். கப்பல்கள் ஆளுக்கொரு திசையில் சிதறின. ஒன்று பாறையில் மோதியது. மிச்சமிருந்தவை டெர்பியின் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கீறல் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் செத்தன. டெர்பிக்காரர்கள் மேஜையைத் தட்டிப் பாடினார்கள்.

ரோலண்ட் கிளெமென்டைத் தேடி வந்தார். "என்ன சொல்லிக் குடுத்தீங்க அவளுக்கு?"

"உள்ளதை உள்ளபடி சொன்னேன்!"

ரோலண்ட் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். மேவிஸ் டீ ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கிளெம், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கு ஒண்ணுமில்லை! நல்லது சொன்னா எல்லாரும் என்னையே பாக்கறீங்க!"

அன்றோடு அவர் நல்லது சொல்வதை விட்டுவிட்டார். நல்லது செய்தால் கெட்டதுதான் விளையும் என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். எந்தப் பெரியவரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆண்டு இறுதிப் போட்டி வந்தது. கிளெமென்ட் அந்த முறை வெறி பிடித்தவர் போல ஆடினார். ரோலண்டையே வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்கு வந்தார். மறுபக்கத்திலிருந்து வந்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. இருவருக்கும் நடுவே, நாற்காலி மேல், தங்கக் கயிற்றோடு அந்தத் தொப்பி உட்கார்ந்திருந்தது. கிளெமென்ட் அதன் உள்சுற்றளவைக் கண்ணாலேயே அளந்தார். தனக்குச் சரியாக இருக்கும்.

"உங்களோடயே ஆட வேண்டியதாப் போச்சு" என்றாள் பிரான்வென். "கேக்கக் கூடாதுதான். இருந்தாலும், கடைசியா ஒரே ஒரு குறிப்பு?"

எதிரியிடமே வழி கேட்கிறாள்! கிளெமென்டுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாயிற்று. குரலில் பாசத்தைக் குழைத்துக்கொண்டார்.

"உனக்கு இல்லாததா? முதல் சுத்துலயே முழு வேகத்துல என் மேல பாஞ்சு வந்துடு. யோசிக்கவே யோசிக்காதே. நடுவுல பெரிய பாறை இருக்கு பாரு, அதை வலப் பக்கமாச் சுத்தி வா. இடப் பக்கம் மட்டும் வந்துடாதே, அங்க வந்தா நீ காலி."

"வலப் பக்கம்" என்று அவள் நன்றியோடு சொல்லிக்கொண்டாள்.

கிளெமென்ட் தன் படை முழுவதையும் பாறையின் வலப் பக்கத்துக்குக் குறிவைத்துத் திருகினார். பாய்ந்து வருபவளை வளைத்துப் பிடிக்க, பொறியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வட்டுகளைத் திறந்தார்கள். பிரான்வென்னின் கப்பல்கள் நத்தைபோல ஒரு விரற்கடை நகர்ந்து நின்றன. அவருடையவை வெற்றிடத்தில் பாய்ந்து, யாருமில்லாத இடத்தைச் சுட ஆயத்தமாகி நின்றன. அடுத்த சுற்றில் அவள் நிதானமாக இடப் பக்கமாகச் சுற்றி, அவர் கப்பல்களின் பின்புறத்தில் வரிசையாக வந்து நின்றாள். விண்கப்பலுக்குப் பின்னால் கண்ணும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது.

"வலப் பக்கம்னு சொன்னேனே!" என்று கிளெமென்ட் அலறினார்.

"ஐயோ, எனக்கு எப்பவுமே இந்த வலது இடது குழப்பம்" என்றாள் பிரான்வென், குண்டு பட்டதா இல்லையா என்று பார்க்கும் பகடையை உருட்டிக்கொண்டே.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பது பாவம். கிளெமென்டின் கடைசிக் கப்பலும் மேஜையை விட்டு இறங்கியது. ரோலண்ட் தொப்பியை எடுத்து பிரான்வென் தலையில் வைத்தார். அது அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"இந்தத் தொப்பி எனக்குச் சொந்தமில்லை" என்றாள் அவள், கண் கலங்க. "கிளெமென்ட் இல்லைன்னா நான் இங்க ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சிருக்க மாட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் மனசுல இருக்கு."

கைதட்டல் அடங்கவே இல்லை. தொப்பி போட்ட பழைய ஆட்கள் எல்லாம் எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றவர் டீக் கோப்பைகளைக் கழுவ வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். கிளெமென்டுக்கு அது பழகிய வேலைதான். சமையலறையில் சோப்பு நுரைக்குள் கைவிட்டபடி நின்றார். வெளியே கைதட்டல் இன்னும் கேட்டது. தனக்கான கைதட்டல்! நெஞ்சுக்குள் ஏதோ உருகியது. சே, என்ன மனிதன் நான். பொய்யாகச் சொன்ன குறிப்புக்கே இத்தனை பேர் இப்படி உருகுகிறார்களே, உண்மையைச் சொல்லியிருந்தால்? இனிமேல் பொறாமை வேண்டாம். அடுத்து வரும் புது ஆளுக்கு, யாராக இருந்தாலும் சரி, தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்துவிடுவது என்று கோப்பையின் மேல் ஆணையாகத் தீர்மானித்தார். மனம் லேசாகிவிட்டது. மெல்ல விசிலடித்தார்.

அப்போது டீ வழங்கும் ஜன்னலின் மறுபக்கத்தில் ஒரு புதுக் குரல் கேட்டது. மழைக்கோட்டு நனைந்த ஒரு நடுவயதுக்காரர் மேவிஸிடம் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசுங்க. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னே தெரியலை."

கிளெமென்ட் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு பேட்ஜை நேராக்கினார். இதோ வந்துவிட்டான் என் முதல் உண்மையான சீடன் என்று கதவை நோக்கி ஓரடி வைத்தார்.

மேவிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுக்கென்ன கண்ணு, உள்ள கோப்பை கழுவுறாரே என் வீட்டுக்காரர், இந்த ஆட்டத்துல அவரை மாதிரி தெரிஞ்சவரும் கிடையாது, அவரை மாதிரி வயித்தெரிச்சல்காரரும் கிடையாது, அவர் என்ன சொன்னாலும் பவ்யமாக் கேட்டுக்கிட்டு, நன்றி சொல்லிட்டு, அப்படியே தலைகீழாச் செய்ங்க, அடுத்த வருஷம் தொப்பி உங்களுக்குத்தான், இதுவரைக்கும் அதைப் போட்ட எல்லாருக்கும் நான் சொன்னது அந்த ஒரே குறிப்புதான்!"