துவைத்த தூளி

தூளி நனைந்துவிட்டது. நனைத்தவள் பெயர் உண்ணாமலை, வயது ஒன்றரை. வேலையை முடித்துவிட்டு, சேலை மடிப்புக்குள்ளிருந்து தலையை நீட்டி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

காசி மூக்கைச் சுளித்துக்கொண்டு தூளியை அவிழ்த்தான். அவன் மனைவி வேதாவின் பழைய நூல் சேலை அது. தேங்காயெண்ணெய், மஞ்சள், பால், தாளித்த கடுகு எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடித்தது.

“எத்தன மாசமா இதத் துவைக்கல உங்கம்மா?” என்று மகளைக் கேட்டான். “வீட்ல சும்மா இருக்கறவளுக்கு இதுக்குக்கூட நேரமில்லையா?”

மகள் அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

தாலுகா ஆபீசில் காசிக்கு ஒரு பேர் உண்டு. அவன் மேசையில் ஒரு காகிதம் கோணலாக இருக்காது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கிணற்றடியில் காட்டினான். மகளை வெறும் அண்டாவுக்குள் உட்கார வைத்தான். சேலைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டு, கல்லில் அறைந்து, நீலம் முக்கி, தை மாத வெயிலில் உதறிக் காயப்போட்டான். நாலு மாசத்து வாடை நாலு வாளித் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் கொடியைப் பார்த்தாள். “ஐயையோ” என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். யாரும் உதவக் கூடாது என்பது பந்தயம். அது அந்தக் காம்பவுண்டில் ஐந்து குடித்தனத்துக்கும் தெரியும்.

பந்தயம் பிறந்தது முந்தின நாள், பொங்கலன்று. பால் பொங்கும்போது கூட நின்று கூவ வேண்டிய வேதா, அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பொங்கல் அடிப்பிடித்து, ஐந்து வீட்டுக்கும் தீய்ந்த வாடை போனது.

“வீட்ல சும்மாதானே இருக்க? இதக்கூடப் பாத்துக்க முடியலயா?” என்றான் காசி.

வேதா கண்ணைத் திறந்தாள். ஒன்றரை வருஷமாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் மூடாத கண் அது. அதிலிருந்த தூக்கம் போய்க் கோபம் வந்து உட்கார்ந்தது.

“சும்மாவா இருக்கேன்? சரி. மூணு நாள் நீங்க சும்மா இருந்து பாருங்க. நான் கீழ்பென்னாத்தூருக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”

“தாராளமா போ. மூணு நாள் இன்னா, முப்பது நாள் பாத்துக்குவேன்.”

“யாரையும் உதவிக்குக் கூப்புடக் கூடாது. என்னைத் தேடி வரக் கூடாது. தோத்தா, கிணத்தடியில நின்னு அஞ்சு வீட்டுப் பொம்பளைங்களும் கேக்கற மாதிரி ‘வேதா சும்மா இல்ல’ன்னு மூணு வாட்டி சொல்லணும்.”

“ஜெயிச்சா?”

“இந்த ஜென்மத்துக்கும் தூக்கம் வருதுன்னு வாயத் தொறக்க மாட்டேன்.”

மாட்டுப் பொங்கலன்று காலையில் பையோடு கிளம்பினாள். வாசலில் நின்று, “இந்தச் சேல நல்லாருக்கா?” என்று கேட்டாள். காசி செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்றான். கல்யாணமான நாளிலிருந்து எல்லாச் சேலைக்கும் அவனிடம் அதே ‘ம்’தான் இருந்தது.

அவள் போய் ஒரு மணி நேரத்தில்தான் தூளி நனைந்தது.

மத்தியானம் சேலை காய்ந்ததும் காசி அதை உத்தரத்து வளையத்தில் மாட்டி முடிச்சுப் போட்டான். மகளை உள்ளே படுக்க வைத்தான். உண்ணாமலை மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினாள். உதடு பிதுங்கியது. அப்புறம் அழுத அழுகை திருவூடல் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது.

காசி ஆட்டினான். தாலாட்டு எதுவும் தெரியாததால், தாலுகாவில் உள்ள ஊர்களை வரிசையாகச் சொல்லி ஒரு மெட்டில் பாடினான். கீழ்பென்னாத்தூர் வந்ததும் அழுகை இன்னும் ஏறியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ரேணுகாம்பாள் தன் புருஷனிடம் உரக்கப் பேசுவது கேட்டது.

“ஏங்க, உங்களுக்கு ஒரு சேதி தெரியுமா? கொழந்த தூளியில தூங்கறதில்ல. அம்மா வாசனையிலதான் தூங்குது. அத சோப்பு போட்டு வெளுத்துட்டா எப்படித் தூங்கும்?”

“இத எதுக்கு எங்கிட்ட சொல்ற?” என்றார் கண்ணாயிரம். அவர் அரிசி மண்டியில் எடை போடுகிறவர். பேரப்பிள்ளை எடுத்த வயசு.

“உங்களுக்குத்தான் சொல்றேன். நல்லா காதுல வாங்கிக்குங்க.”

காசி காதில் வாங்கிக்கொண்டான். கேட்டு வாங்கினால்தான் அது உதவி, காற்றில் வந்தால் வெறும் சேதி என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான்.

வாசனைதானே வேண்டும்? டிரங்குப் பெட்டியைத் திறந்து வேதாவின் வேறொரு சேலையை எடுத்துக் கட்டினான். அதில் அந்துருண்டை வாசனை. குழந்தைக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வேதாவின் பவுடர் டப்பாவை எடுத்துச் சேலை முழுக்கக் கொட்டினான். குழந்தை ஒன்பது தும்மல் தும்மியது. பத்தாவது தும்மல் காசியுடையது.

விட்டுவிடுவானா? பெண்டாட்டியின் வாசனை எதில் செய்தது என்று யோசித்தான். சமையல்தான் என்று முடிவுக்கு வந்தான். சேலையை அடுப்பங்கரைக் கொடியில் தொங்கவிட்டு, இரும்புக் கரண்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு போட்டான். கடுகோடு நிறுத்தியிருக்கலாம். நாலு காய்ந்த மிளகாயையும் கிள்ளிப் போட்டான்.

ஐந்து குடித்தனமும் இருமிக்கொண்டு முற்றத்துக்கு வந்தன.

“இன்னா தம்பி, சமையலா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் கண்ணாயிரம்.

“இல்லணா. தூளிக்குத் தாளிக்கிறேன்.”

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருப் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் உண்ணாமலை அழுது களைத்து, ஒருவழியாக அப்பாவின் தோளில் கண் அயர்ந்தாள். காசி மூச்சைக்கூடப் பாதியாக விட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் தெருவுக்குள் மேளம் நுழைந்தது. மாட்டுப் பொங்கலன்று அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கிற தெரு அது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், சாமி வெளியே நிற்பார். சாமி வீட்டுச் சண்டையில் காசி வீட்டுத் தூக்கம் போயிற்று. உண்ணாமலை விழித்துக்கொண்டு, மேளத்துக்குச் சரியாகக் கையை ஆட்டினாள்.

கூட்டத்தில் கண்ணாயிரம் சுருட்டிய பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“வேதா எப்ப தம்பி வருது?”

காசிக்குச் சுருக்கென்றது. நான் தோற்பதைப் பார்க்க இந்த ஆளுக்கு எத்தனை ஆசை என்று நினைத்தான்.

“நாளன்னிக்கு சாயந்தரம். ஜாஸ்தி நாள் இருந்தாலும் எனக்குக் கவலயில்ல.”

கண்ணாயிரத்தின் முகம் சுருங்கியது. பாயை எடுத்துக்கொண்டு மண்டிப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காசி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் உண்ணாமலை தூங்கினாள். நின்றால் விழித்தாள். முற்றத்தில் நடந்தான், தெருவில் நடந்தான், மாட வீதி நாலும் சுற்றினான். பிறகு, நடக்கத்தான் வேண்டும் என்றால் புண்ணியமாவது மிஞ்சட்டும் என்று மலையைச் சுற்றக் கிளம்பினான்.

அன்றைக்குத்தான் அண்ணாமலையாரும் மலை சுற்றுகிற நாள். சாமியைத் தூக்குவதற்கு ஆள் இருந்தது. காசியிடம் இருந்தது ஒரே ஒரு தோள். செங்கம் ரோட்டில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். குழந்தை கண்ணைத் திறந்தது. எழுந்தான், மூடியது. டீக்கடையை ஏழு சுற்றுச் சுற்றி ஒரு டீயைக் குடித்து முடித்தான். சாமியார் ஒருவர் இவனுக்கு என்ன வேண்டுதலோ என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எட்டு மைலும் முடித்து வீட்டுக்கு வந்து, பூவை வைப்பதுபோல் பாயில் கிடத்தினான். முதுகு பாயில் பட்டதும் உண்ணாமலை எழுந்து உட்கார்ந்தாள். ஒரு மலை முழுக்கத் தூங்கிய தெம்பு அவளுக்கு. மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடிப் போனாள்.

வாசலில் கண்ணாயிரம் நின்றார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“சாமிக்கே இன்னிக்கு சமாதானம் ஆயிடுது தம்பி. நீங்களும் ஒரு வார்த்த எறங்கிப் போனா இன்னா? கழுத்து புடிச்சுக்கிச்சு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“சுக்கு பத்து போடுங்க, சரியாயிடும்,” என்றான் காசி. “என்ன எறங்கச் சொல்லாதீங்க. நான் ஜெயிச்சுக்கினு இருக்கேன்.”

மூன்றாம் நாள், லீவு போட்டிருந்த காசி, ஒரு கையில் இட்லித் தட்டோடு குழந்தைக்கு ஊட்ட உட்கார்ந்தான். ஊட்டினானா என்பது அவனுக்கே தெரியவில்லை. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் கண் திறந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. இட்லி முழுவதையும் உண்ணாமலை ரேடியோவுக்கு ஊட்டி முடித்திருந்தாள்.

காசி கருகிய பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுப்பு முன்னால் உட்கார்ந்து தூங்கிய வேதாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்த வீட்டுக்கு வீம்பு விருந்தாளியாக வருவது வழக்கம். சாயந்தரம் வரைக்கும்தானே, விடுவதாவது என்று எழுந்தான்.

குழந்தையை இடுப்பிலும் பையைத் தோளிலும் மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் ரேணுகாம்பாள், கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி.

“கீழ்பென்னாத்தூருக்குக்கா. அவளக் கூப்புடப் போகல. அவ கட்டிக் கழட்டின சேல ஒண்ணு மட்டும் வாங்கிக்கினு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். துணி கேக்கறது உதவியில சேராது.”

ரேணுகாம்பாள் கையிலிருந்து கயிறு நழுவி, வாளி தடதடவென்று கிணற்றுக்குள் போய் விழுந்தது.

“கீழ்பென்னாத்தூருக்கா? வேணாம், வேணாம். அங்க போகாதீங்க. இருங்க.”

உள்ளே ஓடினாள். வந்தபோது கையில் கசங்கிய கத்தரிப்பூக் கலர் சேலை ஒன்று இருந்தது.

“கட்டினதுதான். துவைக்கல. இதப் போட்டுப் பாருங்க.”

“இது உதவியாச்சேக்கா?”

“நீங்க கேட்டீங்களா? நானா குடுக்கறேன். பஸ்ஸுக்கு மட்டும் போயிடாதீங்க.”

காசி அதைத் தூளியாகக் கட்டினான். உண்ணாமலை உள்ளே போனதும் மூக்கை உறிஞ்சினாள். சேலையின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கட்டை விரல் வாய்க்குப் போனது. மூன்றாவது ஆட்டலில் தூங்கிவிட்டாள். காசி நம்பாமல் ஆட்டுவதை நிறுத்திப் பார்த்தான். அசைவில்லை. கதவைத் திறந்தான், மூடினான். ஒரு டம்ளரைக்கூட வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்த்தான். தூளிக்குள் சின்னக் குறட்டை கேட்டது.

மார்பை நிமிர்த்திக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். வாளி எடுக்கப் பாதாளக்கரண்டியோடு மற்ற வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். தோற்றால் எந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டுமோ, அதே இடத்தில் நின்றான்.

“பாத்தீங்களாக்கா? அம்மா வாசனைன்னு இன்னா பேச்சு பேசினீங்க. உங்க சேலையில தூங்குது எம் பொண்ணு. எவ சேலையா இருந்தா இன்னா? எல்லாம் நீங்களா சும்மா பெருசு பண்றது.”

ரேணுகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து காசி இன்னும் உற்சாகமானான்.

“சாயந்தரம் பந்தயம் முடியுது. ஆனா ஒண்ணு. இன்னும் ஒரு வாரம் வேணும்னாலும் அவ அங்கயே இருக்கட்டும். நான் ரெடி.”

மண்டியிலிருந்து அப்போதுதான் வந்த கண்ணாயிரம் கிணற்றடியில் நின்றுவிட்டார். சாய்ந்த கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பையே காசி பக்கம் திருப்பினார். அக்குளிலிருந்த பாய் கீழே விழுந்தது.

“இன்னும் ஒரு வாரமா? மூணு நாளா அரிசி மூட்ட மேல படுத்து என் கழுத்தே போச்சு தம்பி, தயவு பண்ணி உள்ள போய், என் கட்டில்ல தூங்கற உங்க வேதாவ எழுப்பிக் கூட்டிக்கினு போங்க.”