பெட்டி காயும் வரை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சந்தேகப்பட அதுவே ஜாஸ்தி.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சங்கராபுரம் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தோம். பஸ் இல்லை. நடந்து வருகிறவர்களை விசாரிப்பது என் வேலை. (கூச்சக்காரனுக்கு இதைக் கொடுத்தது என் மாமன். அவர் சாப்பிடப் போயிருந்தார்.)

கையில் கறுப்புப் பெட்டியோடு ஒரு அம்மா வந்தார். போலீஸ் ஒயர்லெஸ்தான், சந்தேகமே இல்லை.

"இன்னாங்க பொட்டி அது?" என்று புளியமரத்தைப் பார்த்துக் கேட்டேன். பெண்கள் முகம் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"சுருதிப் பொட்டிப்பா. உங்க ஹைஸ்கூலுக்கு வந்திருக்கிற பாட்டு டீச்சர் நான். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போடலன்னா வேலை போயிடும். வழி வுடு."

நான் படித்தபோது பாட்டு என்றால் காலையில் கடவுள் வாழ்த்து மட்டும். அதற்கும் கணக்கு வாத்தியார்தான் பிரம்பால் தாளம் போடுவார். மேசையில் பாதி, எங்கள் முதுகில் பாதி. பாட்டுக்கென்று சர்க்கார் தனியாக ஆள் வைக்குமா?

"யாராண்ட கதை வுடறீங்க?" என்று பெட்டியைப் பிடுங்கிக் கொக்கியைத் தட்டினேன். அது விரிந்து 'ங்ஙொய்ய்ங்' என்றது. போலீஸ் பேசுகிறது என்று அலறி, பக்கத்துக் கழனியில் நின்ற தண்ணீரில் வீசிவிட்டேன்.

அதற்குள் வந்த மாமன் டீச்சரின் வேலை உத்தரவை வாங்கிப் படித்தார். பிறகு என் முதுகில் தாளம்.

"நம்ம புள்ளைங்க படிக்கணும், வேலைக்குப் போவணும்னுதான்டா ரோட்ல ஒக்காந்துகினு கீறோம். வந்த டீச்சரையே தொரத்துறியா?"

டீச்சரின் பையையும் சொட்டுகிற பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். அவரும் பின்னால் ஓடிவந்து, பள்ளி மூடுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். "பெட்டி நனைஞ்சிருக்கே, எப்படிப் பாடம் நடத்துவீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் என்னைக் காட்டினார். "அது காயிற வரைக்கும் இவருதான் பொட்டி."

ஒரு மாதம் வகுப்பு மூலையில் நின்று 'ம்ம்ம்' என்று இழுத்தேன். குரல் இறங்கினால் பிள்ளைகள், "டீச்சர், பொட்டில காத்து கம்மியா கீது!" என்று கத்துவார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

அந்த டீச்சர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. நான் மட்டும் வீட்டில் பணியில் இருக்கிறேன். யாராவது எதையாவது சொல்லி, நான் நம்பாமல் 'ம்ம்ம்' என்றால் போதும், அடுப்படியிலிருந்து மனைவி மகளைக் கூப்பிடுவாள்: "அடியே, உங்கப்பா பொட்டி தொறந்துகிச்சு. பாட ஆரம்பி!"